சுமந்தது சிங்கம், சுமக்கப்பட்டது சக்கரம்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

நம் தேசிய இலச்சினையின் உயிர் சிங்கத்திலா, சக்கரத்திலா? சிங்கமே என்று முழங்கினார் எதிரணித் தலைவர். முதலில் கண்ணில் படுவது அதுதானே என்றார். ஐயா, தொலைவிலிருந்தே தெரிவது கோபுரம்தான். நாம் கும்பிடப் போவது கருவறையை அல்லவா?

நம் இலச்சினை பிறந்த இடமான, வாரணாசி அருகிலுள்ள சாரநாத்துக்கு வாருங்கள். 1904-05இல் ஓர்டெல் என்ற பொறியாளர் அங்கே அகழ்ந்தபோது, அசோகர் தூணின் உச்சிப்பகுதி வெளிப்பட்டது. ஏழடி உயரம், சுனார் மணற்கல், இன்றும் மங்காத மெருகு. முதுகோடு முதுகு ஒட்டி நிற்கும் நான்கு சிங்கங்களின் தலைகளுக்கு நடுவே ஒரு துளை இருக்கிறது. எதற்கு? கல்தண்டு ஒன்றைச் செருகுவதற்கு. அந்தத் தண்டின்மேல் நின்றது ஒரு பெரிய கற்சக்கரம். 32 ஆரங்கள் என்று ஆய்வாளர்கள் கணித்திருக்கிறார்கள். அது நொறுங்கிவிட்டது, துண்டுகள்தான் கிடைத்தன. எதிரணியினர் கொண்டாடும் சிங்கங்கள், நடுவர் அவர்களே, அந்தச் சக்கரத்தைத் தாங்க நின்றவை!

புத்தர் முதல் அறவுரை சொன்ன மண் அது. அறவாழி, அதாவது அறச்சக்கரம், உருளத் தொடங்கிய இடம் என்று பௌத்தர்கள் போற்றுகிறார்கள். அங்கே தூண் நட்ட அசோகர் யார்? கலிங்கத்தில் ஒரு லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள், ஒன்றரை லட்சம் பேர் பிடித்துச் செல்லப்பட்டார்கள் என்று தன் வெற்றியையே கல்லில் எழுதி வருந்தியவர். அவரா வீரம் பாடத் தூண் நடுவார்?

1950 ஜனவரி 26 அன்று இந்தத் தூண் உச்சியை இலச்சினையாக ஏற்றவர்கள் அடியிலிருந்த தாமரையை விட்டுவிட்டார்கள். சக்கரத்தை விடவில்லை. வீட்டில் பாஸ்போர்ட் இருந்தால் அட்டையை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். சிங்கங்களின் காலடியில், நட்டநடுவில் சக்கரம்; ஒரு பக்கம் காளை, மறுபக்கம் பாயும் குதிரை. கீழே ‘வாய்மையே வெல்லும்’ என்று பொருள்படும் முண்டக உபநிடத வாசகம். வாளே வெல்லும் என்று எழுதவில்லையே! நான்கு சிங்கங்களில் ஒன்று பின்னால் மறைந்துவிடுகிறது. ஆனாலும் இலச்சினை குறைபட்டு நிற்கவில்லை. நடுவிலிருக்கும் சக்கரத்தை ஒருமுறை மறைத்துப் பாருங்கள்!

இன்னொன்று. 1947 ஜூலை 22 அன்று அரசியல் நிர்ணய சபை தேசியக் கொடியை ஏற்றது. அதன் நடுவில் வைக்க இதே தூணிலிருந்து எதை எடுத்தார்கள்? 24 ஆரங்கள் கொண்ட சக்கரத்தை. சிங்கத்தை அங்கேயே விட்டுவிட்டார்கள்.

சிங்கத் தலைகளின் நடுவே அந்தத் துளை இன்றும் வெறுமையாக இருக்கிறது, நடுவர் அவர்களே. அங்கே நின்றது எது என்று எதிரணியிடம் கேட்டுவிட்டுத் தீர்ப்பு எழுதுங்கள். நன்றி, வணக்கம்.