நாடி கிடைக்காத மனிதரும் நாற்பது மதிப்பெண்ணும்

வணக்கம். எல்வாட் என்ற, பலவீனமான இதயத்துக்குத் துணையாக உடம்புக்குள் வைக்கும் பம்ப் பொருத்திய ஒருவரின் மணிக்கட்டைப் பிடித்துப் பாருங்கள். பல சமயம் நாடி கிடைக்காது. ஆனால் ஆள் எதிரே உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருப்பார்! இரத்தத்தை இடைவிடாமல் தள்ளும் பம்ப் அது. ஸ்டெதாஸ்கோப் வைத்தால் 'லப்டப்' இல்லை, ஒரு ரீங்காரம்தான். வயிற்றிலிருந்து வெளியே வரும் ஒயர், இடுப்பில் பேட்டரி. மாற்று இதயம் கிடைக்கும் வரை இப்படித்தான் ஓட்டுகிறார்கள்.

இதயம் கிடைத்துவிட்டது. இனி உடம்பு அதை ஏற்கிறதா, எதிர்க்கிறதா (இதைத்தான் நிராகரிப்பு என்கிறார்கள்) என்று எப்படித் தெரிந்துகொள்வது?

1970களின் தொடக்கத்தில் ஸ்டான்போர்டில் பிலிப் கேவ்ஸ் ஒரு வழி காட்டினார். வலப்பக்கக் கழுத்து இரத்தக்குழாய் வழியே மெல்லிய கம்பியை இதயத்துக்குள் இறக்கி, அதன் நுனியில் இருக்கும் குட்டித் தாடையால் சதையைக் கிள்ளி எடுத்துச் சோதிப்பது. இதுதான் பயாப்சி. அரிசிக் குருணை அளவுதான். நோயாளி விழித்தேதான் இருப்பார். முதல் வருடத்திலேயே பத்துப் பன்னிரண்டு தடவை என்றால் யாருக்குத்தான் சலிக்காது? அபூர்வமாக வால்வு கிழியும், சுவர் துளைபடும்.

அதற்கு மாற்றாக வந்ததுதான் அலோமேப் என்ற இரத்தப் பரிசோதனை. 2008இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எப்.டி.ஏ.வின் அனுமதி பெற்றது. வீட்டில் எல்லா அறையிலும் விளக்கு உண்டு; எந்த அறையில் எரிகிறது என்று தெருவில் நின்று பார்ப்பதைப்போல, இரத்த அணுக்களில் எந்த மரபணு இப்போது வேலை செய்கிறது என்று பார்க்கிறது. மொத்தம் 20 மரபணுக்கள். 11 சேதி சொல்லும், 9 ஒப்பீட்டுக்கு. விடை 0 முதல் 40 வரை ஒரு எண். எண் ஏறினால் நிராகரிப்பு இருக்கலாம் என்று சந்தேகம்.

2010இல் வெளியான 'இமேஜ்' ஆய்வில் 602 பேர்; ஓர் அணிக்கு இந்தப் பரிசோதனை, இன்னோர் அணிக்கு வழக்கமான பயாப்சி. பயாப்சி அணியில் ஆளுக்கு வருடம் 3 பயாப்சி, பரிசோதனை அணியில் 0.5தான். மரணம், இதயம் பழுதாவது போன்ற பெரிய பாதிப்புகள் இரண்டு வருடத்தில் பரிசோதனை அணியில் 14.5 சதவீதம், பயாப்சி அணியில் 15.3. நல்ல சேதிதான். ஆனால் இன்னொரு கணக்கும் உண்டு. பரிசோதனை அணியில் நிராகரிப்புக்குச் சிகிச்சை பெற்ற 34 நிகழ்வுகளில், எண் ஏறியதை மட்டும் வைத்துப் பிடிபட்டவை வெறும் 6. மற்றவற்றைக் காட்டிக்கொடுத்தது மூச்சுத்திணறல் போன்ற அறிகுறிகளும் எக்கோ என்ற இதய ஸ்கேனும்தான். ஆக, இந்தச் சோதனை 'இல்லை' என்று சொல்வதில் கெட்டி. 'இருக்கிறது' என்று சொல்வதில் அப்படியில்லை.

பம்ப் பொருத்தி வாழ்ந்து, பிறகு மாற்று இதயம் பெற்றவரிடம் எனக்குத் தயக்கம் வருவது இங்கேதான். அவருக்கு இரத்தம் ஏற்றியிருப்பார்கள். இரத்தம் மாதக்கணக்கில் அந்நியப் பொருளை உரசி ஓடியிருக்கும். இவற்றால் பிறருடைய திசுவுக்கு எதிரான ஆன்டிபாடிகள் முன்கூட்டியே உருவாகிவிடுவதுண்டு. அலோமேப்போ வெள்ளையணுக்கள் நடத்தும் நிராகரிப்பை வைத்து வடிவமைத்தது. ஆன்டிபாடி நடத்தும் தாக்குதலை அதன் எண் காட்டும் என்று நம்பி உட்கார முடியாது.

நிராகரிப்பை அடக்கத் தரும் ஸ்டீராய்டு மாத்திரை இன்னொரு தொல்லை. அளவு கூடினால் எண் தானாக இறங்கும். உள்ளே சண்டை அடங்கியதா, மாத்திரை அமுக்கி வைத்திருக்கிறதா என்று எண்ணை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. சி.எம்.வி. கிருமி தொற்றினால் நிராகரிப்பு இல்லாமலே ஏறவும் செய்யும்.

பம்ப் வழியாக வந்த ஒருவரின் ரிப்போர்ட்டில் 28 என்று இருந்தால் நான் முதலில் கேட்பது: ப்ரெட்னிசோன் என்ற ஸ்டீராய்டு எத்தனை மில்லிகிராம்? ஆன்டிபாடி பார்த்து எத்தனை நாளாயிற்று?