ஹோமோசிஸ்டின் கூட இருக்குன்னு ரிப்போர்ட்ல வந்துச்சா? பதறாம இத கேளுங்க

வணக்கம் மக்களே, பாபநாசம் தாண்டி ஒரு மதகுல உக்காந்து பேசிட்டு இருக்கேன், பின்னாடி அறுப்பு மெஷின் சத்தம் வந்தா பொறுத்துக்கோங்க. நம்ம தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் இப்ப எந்த லேபுக்கு போனாலும் ஃபுல் பாடி செக்கப்னு பேக்கேஜ் வெச்சிருக்காங்கல்ல, அதுல ஹோமோசிஸ்டின்னு ஒரு வரி இருக்கும், 28, 30னு தடிச்ச எழுத்துல போட்டுருப்பான். அத நெட்ல தேடி ஹார்ட் அட்டாக், பக்கவாதம், ஞாபக மறதின்னு படிச்சுட்டு ராத்திரி முழுக்க தூங்காம கெடந்து காலைல எனக்கு அனுப்பி விடுறீங்க.

இது சாப்பாட்டுல நேரா வர்ற சாமான் இல்லங்க. மீன், முட்டை, பால், பருப்புன்னு எல்லா புரோட்டீன்லயும் மெத்தியோனின்னு ஒரு அமினோ அமிலம் இருக்கு, அத உடம்பு பயன்படுத்தும்போது நடுவுல உண்டாகுறதுதான் ஹோமோசிஸ்டின். இத திரும்ப மெத்தியோனினா மாத்த பி12 விட்டமினும், ஃபோலேட்டுங்கற இன்னொரு பி விட்டமினும் வேணும், இல்ல சிஸ்டீன்ங்கற வேற அமினோ அமிலமா மாத்தணும்னா பி6 வேணும். இதுல ஒன்னு கொறஞ்சாலும் மடைய அடைச்ச வாய்க்கா மாதிரி ரத்தத்துல தேங்கிடும். பொதுவா லிட்டருக்கு 5லருந்து 15 மைக்ரோமோல் வரைக்கும் நார்மல்னு சொல்லுவாங்க.

1969ல கில்மர் மெக்கல்லின்னு ஒரு அமெரிக்க டாக்டர், பரம்பரை கோளாறால இது எக்கச்சக்கமா ஏறி செத்துப்போன குழந்தைங்களோட ரத்தக்குழாய பாத்துட்டு, வயசானவங்களுக்கு வர்ற மாதிரியே கெட்டுப்போயிருக்கே, அப்ப பெரியவங்க ஹார்ட் நோய்க்கும் இதுதான் காரணமோன்னு கேட்டாரு. ரொம்ப நாள் யாரும் கண்டுக்கல. அப்புறம் பெரிய பெரிய ஆய்வு எல்லாம் பண்ணாங்க, 2006ல வந்த நார்விட், ஹோப்-2ங்கற ரெண்டு ஆய்வுலயும் விட்டமின் குடுத்தா நம்பர் நல்லா எறங்குச்சு, ஆனா ஹார்ட் அட்டாக் கொறையல! 2015ல சீனாவுல பிபி உள்ள 20,000 பேருக்கு மேல பாத்ததுல, பிபி மாத்திரையோட ஃபோலிக் ஆசிட், அதாவது மாத்திரையா வர்ற ஃபோலேட், சேத்தவங்களுக்கு பக்கவாதம் அஞ்சுல ஒரு பங்கு கம்மியா வந்துச்சு. அதனால நம்பர எறக்குறத விட அது ஏன் ஏறுச்சுன்னு பாக்குறதுதான் முக்கியம்ங்கறது என் கட்சி.

நம்ம பக்கம் நான் முதல்ல சந்தேகப்படுறது பி12. எங்க மாமா ஒருத்தர் சுத்த சைவம், சுகருக்கு வருஷக்கணக்கா மெட்ஃபார்மின் போடுறவரு, ஒரு நாள் கால்ல செருப்பு கழண்டு விழுந்ததே தெரியாம கடைத்தெரு வரைக்கும் வெறுங்கால்ல நடந்து போயிட்டாரு. எல்லாரும் சுகர்தான்னு சொல்லிட்டு இருந்தோம், டெஸ்ட் பண்ணா பி12 அதள பாதாளத்துல கெடக்கு, அது கொறஞ்சாலும் நரம்பு கெட்டு கால் மரத்துப்போகும். மெட்ஃபார்மினும் பி12 உறிஞ்சுறத கொறைக்கும், ரொம்ப நாளா போடுற கேஸ் மாத்திரையும் அப்படித்தான். பழைய சோத்துல பி12 கொட்டிக் கெடக்குன்னு ஒரு ஃபார்வர்டு சுத்துதே, நானும் பழைய சோறு வெறியன்தான், ஆனா அத நம்பி இருக்க முடியாதுங்க. மீன், முட்டை, பால், தயிர், இல்லன்னா டாக்டர் சொல்ற ஊசி மாத்திரை, அவ்ளோதான் வழி.

இன்னொன்னு, மெடிக்கல்ல போயி நீங்களா ஃபோலிக் ஆசிட் மட்டும் வாங்கிப் போடாதீங்க. பி12 கம்மியா இருக்கும்போது அது ரத்தசோகைய சரி பண்ணிடும், ரிப்போர்ட் அழகா வரும், உள்ள நரம்பு மட்டும் பாட்டுக்கு கெட்டுக்கிட்டே இருக்கும். கிட்னி, தைராய்டு கோளாறுலயும் இது ஏறும், சிகரெட்டும் ஏத்தும், அதையும் டாக்டர்ட்ட கேட்டுக்கோங்க.

அப்புறம் சில நேரம் நம்பரே தப்பா இருக்கும்! ரத்தம் எடுத்தப்புறமும் சிவப்பணு ஹோமோசிஸ்டின கக்கிட்டே இருக்கும், ஐஸ்ல வெச்சு சீக்கிரம் பிளாஸ்மாவ, அதாவது ரத்தத்தோட நீர்ப்பகுதிய, மெஷின்ல சுத்திப் பிரிக்கணும். வீட்டுக்கு வந்து எடுத்துட்டு சித்திர வெயில்ல பைக் பைக்குள்ள ட்யூப போட்டு ஊரு சுத்துனா 12 இருக்குறது 18 ஆகாம என்ன ஆகும்? அதனால மறுபடி எடுத்தா காலைல வெறும் வயித்துல லேபுக்கே நேரா போயி, ட்யூப எப்ப மெஷின்ல போட்டு சுத்துவீங்கன்னு கேளுங்க, மொறைச்சா மொறைக்கட்டும்.

டிகிரி காபி குடிக்கலாமாண்ணேன்னு ஒரு தம்பி கேட்டிருந்தாப்ல. நெறைய குடிச்சா கொஞ்சம் ஏத்தும்ப்பா, காலைல ஒரு டம்ளர், சாயந்திரம் ஒரு டம்ளர்னா நான் ஒன்னும் சொல்ல மாட்டேன், நாலாவது டம்ளர மட்டும் விட்டுடு. அறுப்பு மெஷின் கிட்ட வந்துருச்சு, வர்றேன்.