ஃபேவிக்கனில் ஒரு இரவுச் சாப்பாடு

நேயர்களுக்கு வணக்கம். சமையல் கற்றுக்கொடுப்பது என் தொழில். மாணவர்களிடம் நான் அடிக்கடி பேசும் உணவகம் ஒன்று உண்டு. அதன் பெயர் ஃபேவிக்கன். சுவீடனில், ஸ்டாக்ஹோமுக்கு வடக்கே ஏறத்தாழ 600 கிலோமீட்டர் தள்ளி, ஒரு பெரிய பண்ணையின் பழைய மரக் களஞ்சியத்தில் நடந்துவந்தது. சாப்பிட வந்தவர்களில் பலர் இரவு அங்கேயே தங்கிவிடுவார்கள். திரும்பிப் போக அவ்வளவு தூரம்.

அதன் தலைமைச் சமையல்காரர் மாக்னுஸ் நில்சன் அந்தப் பகுதிக்காரர். பாரிஸில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பி, முதலில் ஒயின் பொறுப்புக்காகத்தான் அங்கே சேர்ந்தார். 2008-இல் அடுக்களை அவர் கைக்கு வந்தது. 2016-இல், உணவகங்களைத் தரம் பிரிக்கும் மிஷலின் வழிகாட்டி இரண்டு நட்சத்திரம் தந்தது. அதெல்லாம் சரி, ஒரு சமையல்காரனாக என்னைக் கட்டிப்போட்டது அங்கே பரிமாறிய முறைதான்.

வழக்கமான உணவகத்தில் மேசைக்கு மேசை நேரம் மாறும். அதனால் பலதையும் முன்கூட்டியே அரைவேக்காட்டில் எடுத்துவைத்து, ஆர்டர் வந்ததும் சூடாக்கித் தருவோம். ஃபேவிக்கனில் கடைசிக் காலத்தில்கூட 24 பேருக்குத்தான் இடம். எல்லோரும் ஒன்றாக உட்கார வேண்டும், ஒரே உணவை ஒரே நேரத்தில் சாப்பிட வேண்டும். நில்சன் பளிச்சென்று கை தட்டுவார், பேச்சு நிற்கும், வந்திருப்பது என்னவென்று சொல்வார்.

அங்கே பேர் வாங்கிய உணவு ஸ்காலப் என்ற கடல் சிப்பி. பக்கத்து நாடான நார்வேயின் கடலிலிருந்து உயிரோடு வரும். ஓட்டோடு கனலில் வைத்து, சதை தன் சாற்றிலேயே வெந்ததும் எடுத்துவிடுவார்கள். பாசியும் ஜூனிப்பர் என்ற வாசனைச் செடியின் கிளைகளும் பரப்பிய தட்டில், புகை எழும்போதே மேசைக்கு வந்துவிடும். உப்போ எலுமிச்சையோ எதுவும் சேர்க்க மாட்டார்கள். கையால் எடுத்து ஒரே வாயாகப் போட்டுக்கொண்டு, ஓட்டில் நிற்கும் சாற்றைக் குடித்துவிட வேண்டும். சில நிமிடம் தாமதித்தால் சதை இறுகிவிடும், புகை வாசமும் போய்விடும். நூறு பேர் அமரும் கூடத்தில் இதைச் செய்யவே முடியாது. ஊருக்கு வெளியே சின்னதாக உணவகம் தொடங்க யோசனை கேட்டு வருபவர்களிடம், மெனுவைப் பேசும் முன் எத்தனை நாற்காலி போடப்போகிறீர்கள் என்று நான் கேட்பது இதனால்தான்.

இன்னொன்று, குளிர்காலம். மாதக்கணக்கில் நிலம் பனிக்கடியில் கிடக்கும். கோடையில் விளைந்த கிழங்குகளை நிலவறையில் சேமிப்பார்கள், மற்றதை உலர்த்துவார்கள், உப்பிடுவார்கள், நொதிக்க வைப்பார்கள். உள்ளே எரித்துக் குடைந்த ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரத்தின் தண்டுக்குள் வினிகரைக்கூட ஊறவைத்தார்கள். பால் வற்றிய கிழப் பசுவின் இறைச்சியை மாதக்கணக்கில் தொங்கவிட்டுப் பதப்படுத்தினார்கள். பல சமையல்காரர்கள் இளம் மாட்டின் இறைச்சியைத் தேடி ஓடுகையில், உழைத்து முடித்த மாட்டுக்கு இப்படி மரியாதை தந்த அடுக்களை அது. எனக்கு அதில் பெரிய மதிப்பு உண்டு.

இடம் கிடைப்பதே அரிதாக இருந்த நேரத்தில், 2019 டிசம்பரில் நில்சன் அதை மூடிவிட்டார். குடும்பத்தோடு இருக்க வேண்டும் என்றார். அப்புறம் தெற்கு சுவீடனில் தன் ஆப்பிள் தோட்டத்தைக் கவனிக்கப் போனார். வேறொருவரை வைத்து அதே பெயரில் நடத்தியிருக்கலாமே என்று வருந்துபவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. கை தட்டி அந்தச் சிப்பியைப் பற்றிச் சொல்ல அவரே அங்கே நிற்கவில்லை என்றால், மூடியதுதான் நியாயம்.