சாவடிக்குப் பின்னால் ஒரு வீடு

நேயர்களுக்கு வணக்கம்.

ஆண்டுதோறும் ஜூலை 31 அன்று உலக வனக்காவலர் நாள் அனுசரிக்கப்படுகிறது. அதையொட்டி, போர் நடக்கும் காடுகளில் பணியாற்றும் காவலர்களின் வீரத்தைப் பற்றிப் பேசும்படி நிலையத்தார் கேட்டுக்கொண்டார்கள். வீரத்தைப் பற்றிப் பேச நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்கு அந்தக் காவலரின் வீட்டைப் பற்றிப் பேசவேண்டும் என்று தோன்றுகிறது. அடுப்பு எரியும், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்வரும் சாதாரண வீடு. சண்டை மூண்டால் காட்டில் முதலில் அகப்படுவது அந்த வீடுதான்.

நான் சொல்லப்போகும் இடம் ஆப்பிரிக்காவின் நடுவில் இருக்கிறது. காங்கோ ஜனநாயகக் குடியரசின் கிழக்கு ஓரத்தில், ருவாண்டாவையும் உகாண்டாவையும் தொட்டுக்கொண்டு நீளும் விருங்கா தேசியப் பூங்கா. பெல்ஜியர்கள் ஆண்ட காலத்தில், 1925-இல், தங்கள் மன்னர் ஆல்பர்ட்டின் பெயரால் அதை அமைத்தார்கள். ஆப்பிரிக்கக் கண்டத்தின் மிகப் பழைய தேசியப் பூங்கா அது. பரப்பு சுமார் 7,800 சதுர கிலோமீட்டர். பனி மூடிய ருவென்சோரி மலை, எட்வர்டு ஏரி, யானைகள் மேயும் புல்வெளி, புகை விடும் எரிமலைகள் எல்லாம் அந்த ஒரே எல்லைக்குள் அடங்கும். உலகில் எஞ்சியிருக்கும் மலைக் கொரில்லாக்களில் ஒரு பங்கு அங்கேதான் வாழ்கிறது. 1979-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்தது. 1994-இல் ஆபத்துக்கு உள்ளான இடங்களின் பட்டியலில் சேர்த்தது.

அந்த 1994-ஐக் கவனியுங்கள். ருவாண்டாவில் இனப்படுகொலை நடந்த ஆண்டு. அது முடிந்த கையோடு லட்சக்கணக்கான மக்கள் எல்லை தாண்டி கோமா நகரைச் சுற்றிக் குவிந்தார்கள். அத்தனை பேருக்கும் உலை வைக்க விறகு வேண்டும். அருகில் இருந்த காடு விருங்கா. அகதிகளோடு அகதிகளாக, கொலை செய்த கையுடன் ஆயுதம் ஏந்தியவர்களும் வந்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் பின்னாளில் எஃப்.டி.எல்.ஆர். என்ற படையாகக் காட்டுக்குள்ளேயே நிலைத்துவிட்டார்கள். அவர்களை எதிர்க்க ஒரு படை, அந்தப் படையை எதிர்க்க இன்னொன்று, ஊர்க்காவல் என்று தொடங்கிக் கொள்ளையில் முடிந்த மாய்-மாய்க் குழுக்கள் என, பூங்கா இருக்கும் வட கிவு மாகாணத்தில் ஆயுதக் குழுக்கள் டஜன் கணக்கில் முளைத்தன. பூங்காவின் வரலாற்றில் இதுவரை 200-க்கும் மேற்பட்ட காவலர்கள் கொல்லப்பட்டிருக்கிறார்கள்.

படைவீரன் போருக்குப் போகும்போது அவன் குடும்பம் பெரும்பாலும் தொலைவில், சொந்த ஊரில் இருக்கும். வனக்காவலர் நிலை அப்படியில்லை. சாவடிக்குப் பின்னால் குடியிருப்பு. மனைவி அங்கேதான் சமைக்கிறாள், குழந்தை அங்கேதான் பிறக்கிறது. இரவு ரோந்து போனவரின் வீடு எது, கதவு எந்தப் பக்கம், பிள்ளைகள் எந்தப் பாதையில் பள்ளிக்குப் போகிறார்கள் என்பது சுற்றுவட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். யாரிடம் துப்பாக்கி இருக்கிறதோ அவர்களுக்கும் தெரியும்.

விருங்காவின் தலைமையகம் ருமாங்காபோ என்ற ஊரில் இருக்கிறது. கோமாவுக்கு வடக்கே, நெடுஞ்சாலை ஓரம். அதே ஊரில் ராணுவத்தின் பெரிய முகாம் ஒன்றும் உண்டு. ஆகவே ராணுவ முகாமைப் பிடிக்க வருகிற எவரும் பூங்காவின் அலுவலகத்தையும் குடியிருப்பையும் சேர்த்தே பிடிப்பார்கள். 2008 அக்டோபர் 26 அன்று லோரன் என்குண்டாவின் கிளர்ச்சிப் படை அதைத்தான் செய்தது. காவலர்கள் காட்டுக்குள் ஓடினார்கள். சாலையில் சண்டை நடந்ததால், உணவும் தண்ணீரும் இல்லாமல் காட்டு வழியாகவே நடந்து, நாட்கள் கழித்துக் கோமா வந்து சேர்ந்தார்கள். குடும்பங்கள் சாலையில் திரண்ட கூட்டத்தோடு கலந்து தெற்கே நகர்ந்தன. புருஷன் எந்தப் பக்கம் ஓடினான் என்று மனைவிக்குத் தெரியாது. மனைவி உயிரோடிருக்கிறாளா என்று அவனுக்கும் தெரியாது.

கோமாவின் ஓரத்தில் இருந்த முகாம்களில் அவர்கள் ஒதுங்கினார்கள். அந்த நிலத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். கோமா, நியிராகோங்கோ எரிமலையின் காலடியில் இருக்கும் நகரம். 2002 ஜனவரியில் அந்த எரிமலையின் குழம்பு நகரின் நடுவே புகுந்து கிவு ஏரிவரை ஓடிக் குளிர்ந்தது. சுற்றுப்புறமெங்கும் பழைய குழம்பும் புதிய குழம்பும் உறைந்த கரும்பாறை; விளிம்புகள் கத்திபோலக் கூர்மையானவை. கூடாரத்துக்கு முளை அடிக்க முடியாது. பிளாஸ்டிக் தாளின் ஓரத்தில் கல்லை வைத்து அழுத்த வேண்டும். கழிப்பறைக்குக் குழி தோண்ட முடியாது. குழி இல்லாத முகாமில் ஆயிரக்கணக்கானோர் நெருக்கியடித்து இருந்தால் என்ன வரும்? காலரா வந்தது. 1994-இல் இதே நிலத்தில் அகதிகளைக் கொத்துக் கொத்தாகக் கொன்ற அதே காலரா. மழையும் குளிரும் அதிகமான உயரம் அது. கொரில்லாக்களைக் காக்கச் சம்பளம் வாங்கியவர்களின் பிள்ளைகள் அந்தப் பாறைமேல் படுத்தார்கள்.

சம்பளம் என்று சொல்லிவிட்டேன். அந்தக் காலத்தில் அரசு கொடுத்தது மாதத்துக்குச் சில டாலர்கள்; அதுவும் ஒழுங்காக வந்ததில்லை. வெளிநாட்டு நன்கொடையில் மேல்தொகை கிடைத்த பிறகுதான் குடும்பம் நடத்தும்படி ஆயிற்று.

எல்லோரும் ஓடிவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சில காவலர்கள் கிளர்ச்சியாளர் பிடித்த பகுதியிலேயே தங்கி வேலை பார்த்தார்கள். தலைமையகத்தில் இருந்து பார்த்தவர்களுக்கு அது துரோகமாகத் தெரிந்திருக்கும். நான் அப்படி எடைபோடத் தயங்குகிறேன். வட கிவுவில் ஒருவர் எந்த இனத்தில் பிறந்தார் என்பதை வைத்து, அவர் குடும்பம் எந்தத் திசையில் ஓடினால் உயிர் பிழைக்கும் என்பது தீர்மானமாகிறது. ஒருவருக்குப் பாதுகாப்பான சாலை, பக்கத்து வீட்டுக்காரருக்கு மரணம். ஒரே சாவடியில் ஒரே சீருடை அணிந்தவர்கள் அப்படிப் பிரிந்தார்கள். அந்த ஆண்டு பூங்காவின் இயக்குநராகப் பொறுப்பேற்ற இமானுவேல் தெ மெரோட், போர்முனையைக் கடந்துபோய் என்குண்டா தரப்போடு பேசினார். சில வாரங்களில் காவலர்கள் கொரில்லாப் பகுதிக்குத் திரும்பினார்கள். தங்கியவர்களும் ஓடியவர்களும் மறுபடி ஒன்றாக ரோந்து போய்க் கணக்கெடுத்தபோது, மனிதர்களோடு பழகிய கொரில்லாக்கள் 81 இருந்தன. 2007 ஆகஸ்டில் இருந்தவை 72.

இந்த எண்ணிக்கை அதற்குப் பிறகும் ஏறியே வந்திருக்கிறது. மூன்று நாடுகளுக்கும் பொதுவான விருங்கா மலைத்தொடரில் 2010 கணக்கெடுப்பில் 480 மலைக் கொரில்லாக்கள். 2015-16 கணக்கெடுப்பில் 604. இத்தனை போருக்கு நடுவில் ஓர் உயிரினம் பெருகியது என்றால் அது பெரிய சாதனைதான். ஆனால் எத்தனை காவலர் குடும்பங்கள் எத்தனை முறை இடம்பெயர்ந்தன என்று அதே கவனத்தோடு எவரும் எண்ணியதாக நான் பார்த்ததில்லை.

யார் இந்தக் காவலர்களைக் கொல்கிறார்கள், எதற்காக? கொரில்லா வேட்டைக்காரர்கள் என்று பலர் நினைக்கிறார்கள். விருங்காவில் பணம் புரள்வது முக்கியமாகக் கரியில். சுவாஹிலியில் மக்காலா என்பார்கள். காட்டு மரத்தை வெட்டி, மண்ணால் மூடிய சூளையில் எரித்து, மூட்டை கட்டிக் கோமாவுக்கு அனுப்புகிறார்கள். நகரத்தில் பெரும்பாலான வீடுகளில் கரி அடுப்புதான். சூளைக்குக் காவல் ஆயுதக் குழு. பாதையில் வரி வசூல் இன்னொரு குழு. ராணுவத்தினருக்கும் இதில் பங்கு உண்டு. 2007 ஜூலையில் ருகெண்டோ கூட்டத்துக் கொரில்லாக்கள் சுட்டுக் கொல்லப்பட்டன. செங்க்வெக்வே என்ற பெரிய ஆண் கொரில்லாவை மரக்கிளைகளில் கட்டி ஊரார் தோள்மேல் சுமந்து வந்த படம் உலகமெங்கும் போயிற்று. அவற்றின் இறைச்சியையோ உறுப்பையோ யாரும் எடுக்கவில்லை. கரி வியாபாரத்துக்குக் குறுக்கே நின்ற காவலர்களுக்கு அது ஓர் எச்சரிக்கை என்பதுதான் அப்போது பரவலாகச் சொல்லப்பட்ட காரணம்.

இங்கே ஒரு சங்கடம் இருக்கிறது. கோமா முகாமில் கிடந்த காவலரின் மனைவிக்கும் சமைக்க எரிபொருள் வேண்டும். கணவன் எதைத் தடுக்கப்போய் அடி வாங்கினானோ, அதே காட்டில் இருந்து வந்த கரிதான் சந்தையில் மலிவு. பின்னால் பூங்கா நிர்வாகம் இலை, மரத்தூள் போன்ற கழிவுகளை அழுத்தி எரிகட்டி செய்யும் இயந்திரங்களைக் கிராமங்களுக்குக் கொடுத்தது, ஆறுகளில் நீர்மின் நிலையங்கள் கட்டியது. எனக்கு அவை துப்பாக்கிகளைவிடப் புத்திசாலித்தனமான ஆயுதங்களாகப் படுகின்றன.

காவலர்களை நல்லவர்களாகவும் மற்றவர்களைக் கொள்ளையர்களாகவும் வரைந்துவிட்டால் கதை சுலபமாகிவிடும். அது முழு உண்மையாகாது. பூங்காவின் எல்லை தங்கள் பாட்டன் நிலத்தின்மேல் போடப்பட்டது என்று சொல்லும் விவசாயிகள் அங்கே ஏராளம். எட்வர்டு ஏரியில் வலை வீசும் மீனவருக்கும் காவலருக்கும் ஓயாத தகராறு. உழுத நிலத்தை இழந்த வீட்டுப் பையன்தான் நாளை மாய்-மாயில் சேர்கிறான். காவலரும் அதே வட்டாரத்துக்காரர். அந்தப் பையனின் சித்தப்பாவாகக்கூட இருக்கலாம். ஆகவே அவர் மனைவி சந்தைக்குப் போகும்போது எல்லா முகங்களும் அவளைப் பார்த்துச் சிரிப்பதில்லை.

விருங்காவுக்கு வடமேற்கே இத்தூரிக் காடுகளில் ஒகாபி வனவிலங்குக் காப்பகம் இருக்கிறது; ஒகாபி என்பது ஒட்டகச்சிவிங்கியின் உறவு விலங்கு. 2012 ஜூன் 24 அன்று அதன் நிலையமான எப்புலுவை, யானைத் தந்தம் கடத்திய மோர்கன் என்பவனின் குழு தாக்கியது. தந்த வேட்டைக்கும் சுரங்கத்துக்கும் காவலர்கள் இடையூறு செய்ததற்குப் பழிவாங்கல் அது. காவலர்கள் உள்பட மனிதர்கள் கொல்லப்பட்டார்கள், கட்டடங்கள் எரிக்கப்பட்டன, பெண்கள் பிணையாகக் கொண்டுபோகப்பட்டார்கள். அங்கே வளர்க்கப்பட்ட 14 ஒகாபிகளும் மாண்டன. வெளியுலகச் செய்திகளில் ஒகாபிகளுக்குத்தான் தலைப்பு கிடைத்தது.

2020 ஏப்ரல் 24. ருமாங்காபோவுக்குத் திரும்பிக்கொண்டிருந்த காவலர்கள், சாலையில் பொதுமக்களின் வாகனம் ஒன்று தாக்கப்படுவதைக் கண்டு உதவப் போனார்கள். 12 காவலர்கள், ஓர் ஓட்டுநர், பொதுமக்கள் நால்வர் மாண்டார்கள். பூங்கா நிர்வாகம் எஃப்.டி.எல்.ஆர். மீது குற்றம் சாட்டியது, அவர்கள் மறுத்தார்கள். அடுத்த ஆண்டு ஜனவரி 10 அன்று கால்நடையாக ரோந்து போன ஆறு பேர் பதுங்கியிருந்தவர்களால் கொல்லப்பட்டார்கள். அவர்களில் மூத்தவருக்கு வயது 30, இளையவருக்கு 25. அந்த வயதில் இறப்பவர் விட்டுச்செல்வது பெரும்பாலும் கைக்குழந்தையைத்தான்.

சட்டம் இவர்களை எங்கே நிறுத்துகிறது? போர்க்காலச் சட்டம் படைவீரர், குடிமக்கள் என்று இரண்டு வகையைத்தான் அறியும். காவல்துறையினர் பொதுவாகக் குடிமக்கள் பக்கம். வனக்காவலரும் சட்டத்தை நிலைநாட்டுகிறவரே. ஆனால் கையில் தானியங்கித் துப்பாக்கி, உடம்பில் பச்சைச் சீருடை, சில ரோந்துகளில் பக்கத்தில் ராணுவ வீரன். புதருக்குள் இருப்பவன் வகை பிரித்துப் பார்த்துச் சுடுவதில்லை. கொல்லப்படும்போது படைவீரனைப்போலக் கொல்லப்படுகிறார். உதவித்தொகை என்று வரும்போது படைவீரனாகக் கணக்கில் வருவதில்லை.

எங்கே ஓடுவது என்பது அடுத்த கேள்வி. 2012-இல் எம்23 என்ற ஆயுதக் குழுவின் கிளர்ச்சி வெடித்தபோது ருமாங்காபோவில் இருந்த குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. தாயை இழந்த கொரில்லாக் குட்டிகளை வளர்த்துவந்த காவலர்கள் மட்டும் அவற்றை விட்டுப் போக மனமில்லாமல் அங்கேயே இருந்துவிட்டார்கள். அதே ஆண்டு நவம்பர் 20 அன்று, அடைக்கலம் என்று எல்லோரும் நம்பிய கோமா நகரமே எம்23 வசம் விழுந்தது. பின்னர் விடுபட்டது. 2025 ஜனவரி இறுதியில் மறுபடி விழுந்தது. ருமாங்காபோ அதற்கு முன்பே, 2022-லேயே அவர்கள் கைக்குப் போயிருந்தது.

கடைசியாக, கைம்பெண்களைப் பற்றி. ருமாங்காபோவில் கொல்லப்பட்ட காவலர்களின் மனைவிமார் வேலை செய்யும் தையற்கூடம் ஒன்று உண்டு. பஞ்சு அடைத்த சிறிய கொரில்லா பொம்மைகளை அங்கே தைத்து, பூங்காவுக்கு வரும் பயணிகளுக்கு விற்றார்கள். வீழ்ந்த காவலர்களின் குடும்பங்களுக்கென நிதி ஒன்றும் நன்கொடையில் நடக்கிறது. நல்ல ஏற்பாடுகள்தான். ஆனால் அதன் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 2018 மே மாதம் ஒரு பெண் காவலர் கொல்லப்பட்டு, பயணிகள் இருவர் கடத்தப்பட்டதும், 2019 பிப்ரவரி வரை பூங்கா பயணிகளுக்கு மூடப்பட்டது. 2020 மார்ச்சில் கொரோனாவால் மறுபடி மூடினார்கள். அடுத்த மாதமே அந்த ஏப்ரல் தாக்குதல். கொரில்லாக்களை ஒரு மணி நேரம் பார்க்க அப்போது 400 டாலர் கட்டிய பயணி வராத காலத்தில்தான் கைம்பெண்களின் எண்ணிக்கை கூடியது. நன்கொடையையும் சுற்றுலாவையும் நம்பி ஓய்வூதியம் கொடுக்க நினைத்தால், தேவை மிகும் மாதத்தில் பெட்டி காலியாக இருக்கும்.

இந்தப் பூங்காவுக்கு நிதி அளிக்கும் அரசுகளும் அமைப்புகளும் வாகனங்களுக்கும் கருவிகளுக்கும் விமான எரிபொருளுக்கும் பணம் ஒதுக்குகின்றன. அந்தத் திட்ட அறிக்கைகளில் மூன்று வரிகள் கூடுதலாக வேண்டும் என்பேன்: சண்டை நெருங்கும்போது குடும்பங்களை ஏற்றிச்செல்ல வண்டியும் போய்ச் சேர இடமும், சுற்றுலா வருமானத்தோடு முடிச்சுப் போடாத கைம்பெண் ஓய்வூதியம், அந்தப் பிள்ளைகள் எந்த நகரத்தில் ஒதுங்கினாலும் தொடரும் பள்ளிக் கட்டணம். 1925 முதல் இருக்கும் பூங்காவுக்கு இது புதுச் செலவு அல்ல. இத்தனை காலமும் இதை அந்தக் குடும்பங்களே கட்டி வருகின்றன.

கேட்டமைக்கு நன்றி. வணக்கம்.