அறுபதில் ஐந்து பாக்கெட்

மைக்கைக் கொஞ்சம் கீழே இறக்கிக்கொள்கிறேன், எனக்கு முன்னால் பேசிய ஐயா நல்ல உயரம். எல்லோருக்கும் வணக்கம். என்னை அறிமுகப்படுத்தும்போது தொழிலதிபர் என்று சொன்னார்கள், எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. நான் கோயம்புத்தூரில் இட்லி மாவு அரைத்துக் கடைகளுக்குப் போடுகிறவள். 2018-ல் ஆரம்பித்தேன். அதற்கு முன்னால் ஒரு மில் ஆபீசில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன், அந்த வேலை போனதால்தான் இந்த வேலைக்கு வந்தேன். கனவு கண்டு வந்தவள் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இங்கே சுயஉதவிக் குழு அக்காமார் நிறையப் பேர் வந்திருக்கிறீர்கள், பின்வரிசையில் காலேஜ் தம்பி தங்கைகளும் இருக்கிறீர்கள். உள்ளே வரும்போதே வாசலில் மூன்று பேர் என்னை நிறுத்திக் கேட்டார்கள், மூன்று பேரும் ஒரே கேள்விதான்: "அக்கா, லோன் எப்படி வாங்குறது?" லோன் பற்றிச் சொல்கிறேன், தப்பித்து ஓடமாட்டேன். ஆனால் அதற்கு முன்னால் ஒரு சின்னக் கணக்கு போட வேண்டும். பேனா இருக்கிறவர்கள் எழுதிக்கொள்ளுங்கள், இல்லாதவர்கள் விரலை மடக்குங்கள்.

நாலு கிலோ இட்லி அரிசி, கிலோ 45 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம், 180 ஆச்சு. ஒரு கிலோ முழு உளுந்து 130. வெந்தயம், உப்பு எல்லாம் சேர்த்து ஒரு 10 ரூபாய். மொத்தம் 320. விலை ஏறும் இறங்கும், உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள், கணக்கு போடும் முறைதான் முக்கியம். இதில் தண்ணீரெல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 12 கிலோ மாவு வரும். அப்படியென்றால் கிலோவுக்கு 27 ரூபாய். கவரும் ஸ்டிக்கரும் 2 ரூபாய், கரண்டும் தண்ணியும் ஒன்றரை, வண்டிக்குப் பெட்ரோல் ஒன்றரை. ஆக, ஒரு கிலோ பாக்கெட் என் கையை விட்டுப் போகும்போது 32 ரூபாய் செலவு. பாக்கெட்டில் 45 என்று அச்சடிக்கிறேன், கடைக்காரருக்கு 5 ரூபாய், எனக்கு 40. மிச்சம் 8.

ஒரு நாளைக்கு 60 பாக்கெட், 8 ரூபாய் வீதம் 480. மாசத்துக்கு 14,400! மில்லில் எனக்குச் சம்பளம் 12,000. ஆரம்பிக்கும்போது நானும் இப்படித்தான் சமையலறை காலண்டரின் பின்பக்கம் எழுதிப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். பக்கத்தில் என் மாமியார் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். "எல்லாமே வித்துருமா?" என்று கேட்டார்கள். அபசகுனமாகப் பேசுகிறார்களே என்று எனக்குக் கோபம்.

விற்கவில்லை. கடைக்காரர்கள் யாரும் மாவைக் காசு கொடுத்து எடுத்துக்கொள்வதில்லை, போட்டுவிட்டுப் போ என்பார்கள், மறுநாள் காலையில் போனால் மிச்சம் நிற்கிற பாக்கெட்டைத் திருப்பித் தந்துவிட்டு விற்றதற்கு மட்டும் காசு எண்ணுவார்கள். இதற்கு ரிட்டர்ன் என்று பெயர். "அக்கா, இன்னைக்கு அஞ்சுதானுங்க மிச்சம்." அஞ்சுதானே, அறுபதில் அஞ்சு ஒரு பெரிய விஷயமா என்று நானும் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடுவேன்.

இப்போது மறுபடியும் கணக்கு. 60 பாக்கெட் செய்ய 1,920 ரூபாய் செலவாகிவிட்டது, அதில் மாற்றமே இல்லை. விற்றது 55. கைக்கு வந்தது 2,200. மிச்சம் எவ்வளவு? 280. எங்கே 480, எங்கே 280! அறுபதில் ஐந்து போனால் லாபத்தில் நூற்றுக்கு எட்டு போகும் என்றுதான் மனசு நினைக்கிறது, போனதோ நூற்றுக்கு நாற்பதுக்கும் மேல். ஏனென்றால் திரும்பி வந்த பாக்கெட் தன்னுடைய 8 ரூபாயை மட்டும் தின்பதில்லை, விற்ற பாக்கெட்டுகள் சம்பாதித்த காசிலிருந்து தன் 32 ரூபாயையும் எடுத்துக்கொள்கிறது.

இன்னும் முடியவில்லை. மத்தியானம் ஊறப்போடுவதற்கு அரை மணி நேரம், சாயங்காலம் நாலிலிருந்து ஒன்பது வரை கிரைண்டர் பக்கத்தில், விடிகாலை நாலரைக்கு எழுந்து பாக்கெட் போட்டுக் கடை கடையாக இறக்கிவிட்டு வீடு திரும்ப எட்டு. மொத்தம் ஒன்பது மணி நேரம். 280-ஐ ஒன்பதால் வகுத்தால் மணிக்கு 31 ரூபாய். எங்கள் தெருவில் தையல் கம்பெனிக்குப் போகிற பெண்கள் அப்போது ஒரு ஷிப்டுக்கு 450 வாங்கினார்கள். என்னை நானே வேலைக்கு வைத்துக்கொண்டு, வேறு எந்த முதலாளியும் கொடுக்கத் துணியாத சம்பளத்தைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். மாமியார் மாவாட்ட உதவியதற்கு இந்தக் கணக்கில் ஒரு பைசாகூட இல்லை, கவனித்தீர்களா?

சரி, என்ன செய்தேன்? விலையை ஏற்றவில்லை, விளம்பரமும் செய்யவில்லை. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். ஒவ்வொரு கடைக்கும் ஒரு பக்கம், தேதி, கிழமை, போட்டது, திரும்பியது, அவ்வளவுதான். இரண்டு மாசம் எழுதிய பிறகுதான் எனக்கே என் தொழில் தெரிய ஆரம்பித்தது. சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் எல்லாக் கடையிலும் தீர்ந்துவிடுகிறது, திங்கட்கிழமை போடுவதில் பாதி அப்படியே நிற்கிறது. ஞாயிறு காலை இட்லிக்கு வாங்கிய மாவில் மிச்சம் திங்கள் தோசைக்குப் போய்விடும், நம் வீட்டிலும் அதுதானே நடக்கிறது, ஆனால் நோட்டில் பார்க்கிற வரைக்கும் எனக்கு உறைக்கவில்லை. கிருத்திகை, அமாவாசை என்றால் ராத்திரி சோறு கிடையாது, டிபன்தான், அன்றைக்கு இருபது பாக்கெட் கூடப் போகும். காலண்டரை மில் ஆபீசில் லீவு பார்க்கத்தான் திருப்பியிருக்கிறேன், இப்போது விரதம் பார்க்கத் திருப்புகிறேன்.

அப்புறம் சாதாரண நாளுக்கு 60-ஐ 52 ஆக்கினேன். 51 விற்றது, ஒன்று திரும்பியது. 2,040-ல் 1,664 போனால் 376. எட்டு பாக்கெட் குறைத்து அரைத்ததில் 96 ரூபாய் கூட வந்தது! வண்டி ஓடுகிற தூரம் குறையாதே, பெட்ரோல் செலவு அப்படியேதானே இருக்கும் என்று அங்கே ஒரு தம்பி தலையாட்டுகிறார், சரிதான் தம்பி, 12 ரூபாய் கழித்துக்கொள்ளுங்கள், 84. குறைவாகச் செய்து அதிகம் சம்பாதிக்கலாம் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டேன். கடைக்காரர் ஒருவர், "என்னங்க அக்கா, தொழில் டல்லா?" என்று கேட்டார். சில நாள் மாவு தீர்ந்துபோய் ஆட்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள், வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் "சீக்கிரம் போனால்தான் அந்த மாவு கிடைக்கும்" என்கிற பேச்சு தெருவில் தானாகக் கிளம்பியது, அதை நான் திட்டமிட்டுச் செய்யவில்லை.

கடை போடுவதற்கு முன்னால் சோதனை செய்து பாருங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் செய்தேன். வீட்டு டேபிள்டாப் கிரைண்டரிலேயே அரைத்துப் பதினைந்து நாள் அக்கம்பக்கம் கொடுத்தேன், எல்லோரும் பிரமாதம் என்றார்கள். அதில் பாதிப் பேர் கடைக்கு மாவு வந்த பிறகு வாங்கவே இல்லை. சொந்தக்காரர் வாங்குவதும் பக்கத்து வீட்டுக்காரர் வாங்குவதும் மொய் எழுதுகிற மாதிரிதான், அதை விற்பனையில் சேர்க்கக் கூடாது. முகம் தெரியாத ஒருத்தர் இரண்டாவது தடவை வந்து கேட்டாரா, அதை எண்ணுங்கள்.

பெங்களூரில் 2005-ல் பி.சி. முஸ்தபாவும் அவருடைய உறவுக்காரப் பையன்களும் சின்ன அறை ஒன்றில் மாவு அரைக்க ஆரம்பித்து ஐடி ஃப்ரெஷ் என்று பெரிய கம்பெனி ஆக்கிய கதை உங்கள் எல்லோருக்கும் வாட்ஸப்பில் வந்திருக்கும். 50,000 ரூபாய் முதல், இன்று கோடிக்கணக்கில் என்று முடியும். அதே கதையில் யாரும் அழுத்திச் சொல்லாத ஒரு வரி இருக்கிறது, ஒரு நாளைக்கு 100 பாக்கெட் என்கிற முதல் இலக்கைத் தொடவே அவர்களுக்கு ஒன்பது மாதம் ஆயிற்றாம். அந்த ஒன்பது மாதம் வீட்டுச் செலவுக்கு என்ன வழி என்பதைத்தான் நாம் முதலில் யோசிக்க வேண்டும். நான் 38,000 போட்டேன். அதில் 14,000 சாய்த்து மாவைக் கொட்டுகிற பழைய டில்டிங் கிரைண்டர், நம் ஊரில் அதற்குப் பஞ்சமா, இந்த ஊருக்கே உரிய பொருள் என்று கோவை கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே வாங்கி வைத்திருக்கிறோம். சீலிங் மெஷின், அண்டா, தராசு போக, மூன்று மாச வீட்டுச் செலவைத் தனியாக என் அம்மா கையில் கொடுத்து, நான் கேட்டாலும் தொழிலுக்குத் தராதே என்று சொல்லி வைத்தேன். கேட்டேன். தரவில்லை.

2019 ஏப்ரலில் ஒரு நாள் 38 பாக்கெட் உப்பி வெடித்தது. வெயிலில் மாவு வேகமாகப் புளிக்கும், புளிக்கும்போது கரியமில வாயு வரும், காற்றுப் போகாமல் சீல் வைத்த கவரில் அது எங்கே போகும்? அதுவும் கிரைண்டர் ஓட ஓட மாவே சூடாகிறது. இப்போது கோடையில் ஐஸ் தண்ணீர் ஊற்றித்தான் அரைக்கிறேன், புளிக்க விடாமலே காலையில் அனுப்பிவிடுகிறேன், கவரில் ஊசித் துளையும் உண்டு. கடைக்காரரின் ஃப்ரிட்ஜ் ராத்திரி அணைக்கப்படுகிறதா என்றும் பார்ப்பேன். கரண்ட் பில்லுக்குப் பயந்து அணைப்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் சண்டை போட்டுப் பயனில்லை, அந்தக் கடையை விட்டுவிடுவதுதான் வழி.

அதே வருஷம்தான் ஒரு பெரிய கடையில் தினமும் 40 பாக்கெட் ஆர்டர் கிடைத்தது. பேர் வேண்டாம். நான் துள்ளிக் குதித்தேன். ரிட்டர்ன் கிடையாது, ஆனால் பணம் 60 நாள் கழித்து. 40 பாக்கெட், 40 ரூபாய், ஒரு நாளைக்கு 1,600. அறுபது நாளைக்கு 96,000. என் மொத்த முதலைவிட இரண்டரை மடங்கு பணம் அவர்கள் கல்லாவில் உட்கார்ந்திருந்தது, நான் உளுந்து வாங்க நகையை எடுத்துக்கொண்டு போனேன். கடைசியில் நாலு மாசம் நடந்து தவணை தவணையாக வாங்கினேன். லாபம் இருந்தும் கையில் காசில்லாமல் தொழில் நின்றுபோகும் என்பதை மில் ஆபீசில் எத்தனையோ பேரேட்டில் பார்த்தவள்தான் நான், என் வீட்டில் நடக்கும்போது தெரியவில்லை.

இதற்குச் சட்டம் இருக்கிறது, எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. 2006-ன் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் சட்டப்படி, குறு, சிறு தொழில்காரரிடம் சரக்கு வாங்கியவர் எழுத்து ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளில் பணம் தர வேண்டும், ஒப்பந்தம் போட்டாலும் 45 நாளுக்கு மேல் போகக் கூடாது, போனால் ரிசர்வ் வங்கி அறிவிக்கிற வட்டி விகிதமான வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. ஆனால் இதைக் கேட்க நீங்கள் பதிவு செய்திருக்க வேண்டும். 2020 ஜூலையிலிருந்து அதற்கு உத்யம் பதிவு, ஆதார் வைத்து நீங்களே செல்போனில் செய்துவிடலாம், ஒரு பைசா கட்டணம் இல்லை. இதற்கு ஆயிரம், இரண்டாயிரம் கேட்கிற ஏஜெண்டுகள் இருக்கிறார்கள், கொடுத்துவிடாதீர்கள்.

உணவுப் பொருள் என்றால் எஃப்எஸ்எஸ்ஏஐ, அதாவது மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதிவு கட்டாயம். நான் எடுத்தபோது ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய் வரைக்கும் விற்பவர்களுக்கு வருஷத்துக்கு 100 ரூபாய்தான். சின்ன ஆள் எனக்கு எதற்கு உரிமம் என்று நினைக்காதீர்கள், என் கணக்கில் தினமும் 83 பாக்கெட் போனாலே அந்த 12 லட்சத்தைத் தாண்டிவிடும், அன்றைய விதிப்படி அதற்கு மேல் அடுத்த படி உரிமம். ஜிஎஸ்டி பற்றிப் பயப்படுகிறீர்கள், மாநிலத்துக்குள்ளேயே சரக்கு விற்கிறவர்களுக்கு 40 லட்சம் தாண்டிய பிறகுதான் அந்தக் கவலை. பாக்கெட்டில் எடை, விலை, பாக்கெட் போட்ட தேதி, உங்கள் முகவரி இருக்க வேண்டும். வீட்டு மீட்டரில் கிரைண்டர் ஓட்டலாமா என்பதை மட்டும் மின்வாரிய ஆபீசில் போய்க் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.

இனி லோன். முத்ரா என்பது சின்னத் தொழில்களுக்கான மத்திய அரசுக் கடன் திட்டம், அதில் முதல் படி சிசு, 50,000 வரைக்கும், அடமானம் கேட்கக் கூடாது. பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் உற்பத்தித் தொழில் என்றால் 50 லட்சம் வரை போகலாம், பெண்களுக்கு நகரத்தில் 25 சதவீதமும் கிராமத்தில் 35 சதவீதமும் மானியம், மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டால் சொல்வார்கள். மானியம் என்றதும் கையில் பணம் வரும் என்று நினைக்கிறோம். அப்படி இல்லை, அது வங்கியில் மூன்று வருஷம் டெபாசிட்டாக நிற்கும், தொழில் ஓடினால்தான் கடனில் கழியும். அதனால் மானியத்தை வைத்து மெஷினைத் தேர்ந்தெடுக்காதீர்கள். 12 கிலோ மாவு விற்கிற தெருவில் இரண்டு லட்ச ரூபாய் கிரைண்டரை இறக்கிவிட்டு, அது சும்மா நிற்கக் கூடாதே என்று அதற்காகவே அரைத்து, அரைத்ததையெல்லாம் ரிட்டர்ன் எடுத்த ஒருத்தரை எனக்குத் தெரியும். நானும் லோன் வாங்கினேன், மூன்றாவது வருஷம். அப்போது மேனேஜர் திட்ட அறிக்கை கேட்டார், நான் அந்த நாற்பது பக்க நோட்டுகளை, மொத்தம் ஏழு, மேஜை மேல் வைத்தேன். புரட்டிப் பார்த்துவிட்டு, "திங்கட்கிழமை ஏம்மா குறையுது?" என்று கேட்டார். வேறு எதுவும் பெரிதாகக் கேட்கவில்லை.

கேள்வி கேட்கிறவர்கள் கேளுங்கள், ஆனால் பதினொன்றரைக்கு என்னை விட்டுவிட வேண்டும். நாளைக்குக் கிருத்திகை, 85 பாக்கெட்டுக்கு அரிசி ஊறப்போடணும். மாமியார் இதற்குள் இரண்டு தடவை போன் போட்டுவிட்டார்கள். அவர்களுக்கு இப்போது மாசச் சம்பளம், நோட்டில் தனிப் பக்கம் இருக்கிறது.