ஏழாம் மாசம், இடுப்பு வலி, டர்பன் கைரோபிராக்டர்: கேட்டவங்களுக்கெல்லாம் பதில்

வணக்கம் மக்களே! இன்னைக்கு நின்னுக்கிட்டேதான் பேசப்போறேன். சோபால உக்காந்தா திரும்ப எந்திரிக்கிறது பெரும்பாடு. போன வீடியோல கைரோபிராக்டர்கிட்ட, அதாவது முதுகெலும்பையும் மூட்டையும் கையாலயே அழுத்தி வைத்தியம் பாக்குறவங்ககிட்ட, போறேன்னு ஒரு வரி சொன்னேன், அவ்வளவுதான். "வயித்துப் புள்ளையோட போய் முதுகுல சொடக்கு எடுக்குறியா, புத்தி இருக்கா"ன்னு பாதி பேரு. "எங்க, எவ்வளவு ஆகும்"னு மீதி பேரு. ரெண்டு கோஷ்டிக்கும் சேத்துச் சொல்லிடுறேன்.

முதல்ல வலி எங்க இருக்குன்னு பாருங்க. இடுப்புக்கு மேல, முதுகெலும்பு ஓரமா வலிச்சா அது முதுகு வலி. பின்பக்கம் குழி விழுற இடத்துல, ஒரு பக்கமா, பிட்டத்துக்குள்ள ஆழமா வலிக்குதா? இல்ல முன்னாடி அடிவயித்துக்குக் கீழ எலும்பு சேர்ற இடத்துல சுருக்குனு குத்துதா? அது இடுப்பெலும்பு மூட்டு வலி. எனக்கு இந்த ரெண்டாவது ரகம். நேரா நடக்கும்போது பரவாயில்ல. படுக்கைல புரளும்போது, ஒத்தக்கால்ல நின்னு பேன்ட் போடும்போது, படி ஏறும்போது உயிரே போகும். நாங்க இருக்குறது தென்னாப்பிரிக்காவுல, டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த். இங்க மேடும் பள்ளமுமாத்தான் இருக்கும், ரோட்ல இருந்து எங்க வாசலுக்கு வரவே படி ஏறணும். மினிபஸ் டாக்ஸில குனிஞ்சு ஏறி, ஸ்பீடு ஹம்ப்ல தூக்கிப்போட்டா... சொல்லவே வேணாம்.

எல்லாத்துக்கும் ரிலாக்ஸின் ஹார்மோன்தான் காரணம்னு எங்க பாத்தாலும் போட்டிருப்பாங்க. அது மூட்டைத் தளர்த்துறது உண்மைதான். ஆனா அது உச்சத்துக்குப் போறது முதல் மூணு மாசத்துல, நமக்கு வலி கூடுறது பெரும்பாலும் அதுக்கப்புறம். வயிறு முன்னாடி தள்ளுது, பாரம் இடம் மாறுது, வயித்துத் தசை இழுபடுது, பிட்டத்துத் தசைதான் எல்லாத்தையும் தாங்குது. என்னைக் கேட்டா இதுதான் பெரிய காரணம்.

சரி, அந்த ரூம்ல என்ன நடக்குது? முதல் தடவை போனப்ப பாதி நேரம் கேள்விதான். ரத்தப்போக்கு உண்டா, பிரஷர் எவ்வளவு, நஞ்சுக்கொடி கீழ இருக்குன்னு ஸ்கேன்ல சொன்னாங்களான்னு எல்லாம் கேட்டாங்க. கேக்காம நேரா கை வச்சா எந்திரிச்சு வந்துடுங்க. அப்புறம் மல்லாக்கப் படுக்க வச்சு, காலை மடக்காம கொஞ்சம் தூக்கச் சொன்னாங்க. வலது கால் தூக்கவே முடியல. அவங்க ரெண்டு கையாலயும் இடுப்பைப் பக்கவாட்டுல இறுக்கிப் பிடிச்சதும் அதே கால் சுலபமா மேல வந்துடுச்சு! எனக்கு அதான் ஆச்சரியம். வலி எங்க இருந்து வருதுன்னு அதுலயே பாதி தெரிஞ்சுது. எக்ஸ்ரே எதுவும் எடுக்கல, கர்ப்பத்துல அதுக்குத் தேவையும் இல்ல. அப்புறம் ஒருக்களிச்சுப் படுக்க வச்சு, முழங்காலுக்கு நடுவுல தலையணை கொடுத்து, பிட்டத்துத் தசையை மெதுவா அழுத்தினாங்க. நீங்க ரீல்ஸ்ல பாக்குற அந்த டமால் சத்தமெல்லாம் இல்ல. அப்படிப் பண்ணுவாங்கன்னு பயமா இருந்தா வேணாம்னு முன்னாடியே சொல்லிடலாம், அது இல்லாமலும் செய்ய வழி இருக்கு.

பலன் இருந்துச்சா? இருந்துச்சு. உள்ள போறப்ப இருந்த வலி வெளிய வர்றப்ப பாதி. ரெண்டு மூணு நாள்ல கொஞ்சம் திரும்பி வந்துச்சு. 2015ல காக்ரேன்ங்கிற மருத்துவ ஆய்வு அமைப்போட தொகுப்பு ஒண்ணு வந்துச்சு, 34 ஆய்வு, 5121 கர்ப்பிணிங்க. உடற்பயிற்சி முதுகு வலியைக் குறைக்கலாம், கையால செய்யுற வைத்தியமும் சிலருக்கு உதவலாம், ஆனா ஆதாரம் வலுவா இல்லன்னு சொல்லுது. என் அனுபவமும் அதேதான். "புள்ள தலை திரும்பும், சுகப்பிரசவம் ஆகும்"னு வெப்ஸ்டர் டெக்னிக்ங்கிற கைரோ முறை பேர்ல யாராவது பாக்கேஜ் விக்க வந்தா நம்பிடாதீங்க. புள்ள தலைகீழா இல்லன்னா கடைசி மாசம் ஆஸ்பத்திரியில ஸ்கேன் பாத்துக்கிட்டே டாக்டர் திருப்பிப் பாப்பாங்க, அது வேற விஷயம்.

யார்கிட்ட போறது? தென்னாப்பிரிக்காவுல இந்தப் படிப்பு ரெண்டே இடத்துலதான் சொல்லித் தர்றாங்க: நம்ம டர்பன் யூனிவர்சிட்டி ஆஃப் டெக்னாலஜி, அப்புறம் ஜோஹன்னஸ்பர்க் யூனிவர்சிட்டி. அலைட் ஹெல்த் புரொஃபஷன்ஸ் கவுன்சில்ல பதிவு இருக்கணும், நம்பரைக் கேளுங்க, கூச்சப்படாதீங்க. காசு இடிக்குதுன்னா யூனிவர்சிட்டி கிளினிக் இருக்கு. கடைசி வருஷப் பசங்க மேற்பார்வையில பாப்பாங்க, கட்டணம் குறைவு. அரசு ஆஸ்பத்திரியில கர்ப்பிணிகளுக்கு 1994ல இருந்து இலவசம், அங்க ஃபிசியோவுக்கு எழுதித் தரச் சொல்லிக் கேக்கலாம். உண்மையைச் சொல்லணும்னா எனக்கு ரொம்ப உதவினது ஒரு ஃபிசியோ சொல்லிக் கொடுத்த சின்னச் சின்ன வேலைங்கதான்.

இதைப் பாருங்க, புரண்டு படுக்குறது. முழங்கால் ரெண்டையும் மடக்கி, ஒட்ட வச்சு, பிட்டத்தை இறுக்கிக்கிட்டு, தோளும் இடுப்பும் ஒரே சமயத்துல திரும்பணும். கார்ல ஏறும்போது வழுக்கித் திரும்ப வசதியா சீட் மேல ஒரு பிளாஸ்டிக் கவர் போட்டு, பின்பக்கமா உக்காந்து ரெண்டு காலையும் சேத்து உள்ள சுத்துங்க. இறங்கும்போதும் அப்படியே. மறக்காம அந்தக் கவரை எடுத்துட்டு ஓட்டுங்க, ஓட்டுறவங்க நீங்கன்னா!

பக்கத்து வீட்டு ஆன்ட்டி, நாலு தலைமுறையா இங்க இருக்குறவங்க, தமிழ்ல பேச்சு கொஞ்சம்தான் வரும். "எண்ணெய் தேய் கண்ணு"ன்னு நல்லெண்ணெய் பாட்டிலோட வந்து நிக்குறாங்க. இதமான சூட்டுல முதுகுல தேச்சுக்கலாம், தப்பில்ல. வயித்துல சூடு ஒத்தடம் மட்டும் வேணாம்.

ஒண்ணு மட்டும் சீரியஸா கேட்டுக்கோங்க. வலி விட்டு விட்டு ஒரே தாளத்துல வந்தா, ரத்தமோ தண்ணியோ போனா, காய்ச்சலோ நீர்க்கடுப்போ இருந்தா, தொடை இடுக்கு மரத்துப்போனா, மூத்திரம் அடக்க முடியாமப் போனா, கைரோவும் வேணாம் எண்ணெயும் வேணாம், நேரா ஆஸ்பத்திரி. வலி மாத்திரையும் டாக்டரைக் கேக்காம வேணாம். ஐபுபுரோஃபென் கர்ப்பம் 20 வாரம் தாண்டினா கூடாது.

இடுப்பைத் தாங்குற கர்ப்பகால பெல்ட் பத்தி கேட்டிருந்தீங்க. வயித்து மேல இல்ல, அதுக்குக் கீழ, இடுப்பெலும்பைச் சுத்திப் போடணும். நடக்கும்போதும் வேலை பாக்கும்போதும் போடுங்க, உக்காந்ததும் கழட்டிடுங்க. எந்தக் கம்பெனின்னு கேக்காதீங்க, போட்டுப் பாத்து வாங்குறதுதான் சரி.