காலை நீட்டவும் ஒரு தாழ்மை வேண்டும்

வானொலி நேயர்களுக்கு என் அன்பு வணக்கம்.

ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழன் மாலைத் திருப்பலியில் பாதம் கழுவும் சடங்கைப் பார்த்திருப்பீர்கள். பீடத்துக்கு முன்னால் பன்னிரண்டு நாற்காலிகள். சாமியார் மேலுடையைக் கழற்றி வைத்துவிட்டு, இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, ஒவ்வொருவர் முன்னாலும் மண்டியிட்டுத் தண்ணீர் ஊற்றித் துடைப்பார். வெகுகாலம் ஆண்களுக்கு மட்டுமே என்றிருந்த அந்த நாற்காலிகளில் பெண்களும் உட்காரலாம் என்று 2016 ஜனவரியில் ரோமிலிருந்து அறிவிப்பு வந்தது. அதற்குப் பிறகு ஒரு வருடம் எங்கள் பங்குக் கோயிலில் என்னையும் கூப்பிட்டார்கள்.

அன்று மதியம் குளியலறையில் உட்கார்ந்து அரைமணி நேரம் குதிகாலைக் கல்லில் தேய்த்தேன். வெடிப்புகளில் எண்ணெய் தடவினேன். அழுக்குக் காலைச் சாமியார் கையில் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. கோயிலுக்குப் போய்ப் பார்த்தால் மற்ற பதினொரு பேரும் அப்படித்தான் கழுவிவிட்டு வந்திருந்தார்கள். என் முறை வந்தது. அந்தப் பெரியவர் குனிந்து என் பாதத்தைத் தொட்டதும், என்னை அறியாமல் காலைப் பின்னால் இழுத்துவிட்டேன். அந்த நொடியில் பேதுருவும் என் அம்மாவும் சேர்ந்தே நினைவுக்கு வந்தார்கள்.

இயேசுவின் சீடர் பேதுருவின் கதை யோவான் நற்செய்தி 13-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. இயேசு சீடர்களோடு கடைசியாக இரவு உணவு உண்ட நாள் அது. இயேசு வாழ்ந்த நாட்டுப் பாதைகளில் செருப்புப் போட்டு நடந்தாலும் காலெல்லாம் புழுதிதான். வந்தவர்களின் காலைக் கழுவுவது வீட்டில் ஆகக் கீழே இருக்கும் வேலையாளின் வேலை. அன்றிரவு அதைச் செய்யச் சீடர்கள் யாரும் எழுந்திருக்கவில்லை. நம்மில் யார் பெரியவர் என்ற வாக்குவாதம் அதே பந்தியில் நடந்ததாக லூக்கா எழுதுகிறார். இயேசு எழுந்து துண்டைக் கட்டினார். ஒவ்வொருவராகக் கழுவிக்கொண்டு வந்தார். பேதுரு தடுத்தார். நீர் என் காலைக் கழுவ விடவே மாட்டேன் என்றார்.

சிறுவயதில் மறைக்கல்வி வகுப்பில் இதைக் கேட்டபோது, எவ்வளவு பணிவான மனிதர் என்று நினைத்தேன். ஆனால் இயேசு அதைப் பணிவாக எடுத்துக்கொள்ளவில்லை. நான் உன்னைக் கழுவாவிட்டால் என்னோடு உனக்குப் பங்கு இல்லை என்று சொல்லிவிட்டார். எவ்வளவு கடுமையான சொல்! காட்டிக்கொடுக்கப் போகிற யூதாசும் அந்த அறையில்தான் இருந்தான். அவனிடம் சொல்லாத சொல்லைப் பேதுருவிடம் சொன்னார்.

சரி, என் அம்மாவுக்கு வருகிறேன். அம்மா தெருவுக்கே ஓடி ஓடிச் செய்தவர். பிரசவம் என்றால் வெந்நீர் போட, சாவு வீடு என்றால் வந்தவர்களுக்குக் காபி கொடுக்க, அவர்தான் முதல் ஆள். கிடையில் விழுந்த பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு மூன்று மாதம் உடம்பு துடைத்துவிட்டவர். தனக்கென்று அவர் செய்த செபம் ஒன்றே ஒன்று: "யாருக்கும் பாரமில்லாம என்னைக் கூட்டிக்கிட்டுப் போயிரு, ஆண்டவரே." இந்தச் செபத்தைச் சொல்லாத தாய்மார் நம் பக்கத்தில் உண்டா?

எழுபத்தெட்டு வயதில் வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்தது. என் தம்பி மனைவி பெட்பேனை எடுத்துக்கொண்டு வந்தால் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். அடிக்கடி கூப்பிட வேண்டி வருமே என்று தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிட்டார். சிறுநீரில் தொற்று வந்து காய்ச்சலில் கிடந்தபோதுதான் எங்களுக்கு அது தெரிந்தது.

அந்தச் செபத்தில் பிள்ளைகள் மேல் அன்பு இருக்கிறது. ஆனால் கொடுக்கிற கை எப்போதும் மேலேதான் இருக்கும். வாழ்நாளெல்லாம் மேலேயே இருந்து பழகிய கை கீழே இறங்க மாட்டேன் என்பதும் அந்தச் செபத்துக்குள் இருக்கிறது. கொடுப்பது உயர்ந்தது, கொடுக்கும்போது வேண்டாம் என்பது அதைவிட உயர்ந்தது என்று புறநானூற்றிலேயே பாடியிருக்கிறார்கள். அந்தப் பெருமிதம் நம் இரத்தத்தில் ஊறியது. அதன் அழகை நான் மதிக்கிறேன். ஆனால் இயேசு கால் கழுவிய அந்த மேல்மாடி அறைக்குள் அது செல்லவில்லை. இயேசு கடைசியில் சொன்னது, ஒருவர் மற்றவருடைய காலடிகளைக் கழுவுங்கள் என்று. கழுவுங்கள் என்பதைப் பற்றி நிறைய மறையுரை கேட்டிருக்கிறோம். ஒருவர் மற்றவருடைய என்றால், என் முறை வரும்போது நானும் காலை நீட்டியாக வேண்டும் அல்லவா?

அவரே நீட்டியிருக்கிறார். இதற்கு முந்தைய அதிகாரத்தைப் பாருங்கள். யூதர்களின் பாஸ்கா விழாவுக்கு ஆறு நாள் முன்பு, பெத்தானியாவில், மரியா விலையுயர்ந்த நறுமணத் தைலத்தை அவர் பாதங்களில் பூசித் தன் கூந்தலால் துடைக்கிறாள். முந்நூறு தெனாரியம் பெறும் தைலம். கூலியாள் ஒருவருக்கு ஏறக்குறைய ஒரு வருட வருமானம். யூதாசு குறை சொல்கிறான். அவளை விட்டுவிடு என்கிறார் இயேசு. வேண்டாமம்மா என்று காலை இழுத்துக்கொள்ளவில்லை. அதே கால்களோடு எழுந்து போய்த்தான் சில நாளில் சீடர்கள் முன் மண்டியிட்டார்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் குறிக்கோள் வாசகம், தொண்டு ஏற்பதற்கு அல்ல, தொண்டு ஆற்றுவதற்கே என்பது. மாற்கு நற்செய்தியில் இயேசு தம்மைப் பற்றிச் சொன்னது. அந்தக் கல்லூரியில் படித்து டாக்டரான மேரி வர்கீஸ் 1954-இல் ஒரு வாகன விபத்தில் சிக்கினார். முதுகுத்தண்டு அடிபட்டு, கால்கள் செயலிழந்தன. தொண்டு ஆற்ற வந்த அந்த இளம்பெண்ணுக்கு, படுக்கையில் புரண்டு படுக்கக்கூட இன்னொருவர் கை வேண்டியிருந்தது. அந்த நாட்கள் அவருக்கு எவ்வளவு கசந்திருக்கும்!

அங்கே தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்திக்கொண்டிருந்தவர் டாக்டர் பால் பிராண்ட், நம் கொல்லிமலையில் பிறந்தவர். கையில் செய்யும் அறுவை சிகிச்சையை உட்கார்ந்தே செய்யலாமே என்று அவர் மேரிக்கு வழிகாட்டினார். மேரி சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளைச் சீராக்கினார். பிறகு வெளிநாடு போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துவந்து, தன்னைப் போல் முடங்கியவர்களுக்காக வேலூரில் ஒரு துறையையே உருவாக்கினார். 1972-இல் பத்மஸ்ரீ வந்தது. விருதைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறு. மற்றவர்கள் தொடத் தயங்கிய கையை நீட்டிக்கொண்டு வந்தவர்களுக்கு எதிரே, தானும் பிறர் கையை நம்பி வாழும் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அங்கே யார் மேலே, யார் கீழே?

என் அம்மாவுக்குக் காய்ச்சல் விட்டது. ஒரு சாயங்காலம் தம்பி மனைவி வாளியும் துண்டுமாக வந்தபோது, அம்மா தானே போர்வையை விலக்கினார். அடிபடாத காலை மெல்ல நீட்டினார். "ரொம்பச் சூடா வேண்டாம்மா, வெதுவெதுன்னு இருந்தாப் போதும்" என்றார். தம்பி மனைவி அழுதுகொண்டே கழுவினாள். அதன்பிறகு அம்மா பதினான்கு மாதம் இருந்தார். திருமணமாகி வந்த நாளிலிருந்து மாமியாரும் மருமகளும் பேசாமல் வைத்திருந்ததையெல்லாம் அந்த வாளித் தண்ணீர் ஆறும்வரை உட்கார்ந்து பேசினார்கள்.

வணக்கம்.